பந்து, நொண்டி, நடைவண்டி: குட்டிப் பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் – கேள்வி பதில்

பாலக்கோடு: 4 வயசுப் பையன். பந்தைப் போட்டா கண்ணை மூடிட்டு முகத்தைத் திருப்பிக்கிறான் அக்கா. பயமா, பார்வைக் கோளாறா?

பெரும்பாலும் பயம்தான். டென்னிஸ் பந்து அவனுக்குச் சின்னது, வேகமும் ஜாஸ்தி. முதல் ஒரு வாரம் பலூன் மட்டும் போதும். மெதுவா இறங்குறதால கண் அதைத் தொடர நேரம் கிடைக்கும். அப்புறம் துணிப்பந்து: பழைய பனியனைச் சுருட்டி சாக்ஸுக்குள்ள திணிச்சு, தேங்காய் அளவுக்கு முடிச்சுப் போடுங்க. நீங்க குத்தவச்சு உட்கார்ந்து, 3 அடி தள்ளி இருந்து, "வருது"ன்னு சொல்லிட்டு, கையைத் தாழ்த்தி அவன் நெஞ்சுக்கு நேரா போடுங்க. பத்துல ஏழு பிடிச்சா ஒரு எட்டு பின்னாடி போங்க. நிறைய தவறினா முன்னாடி வாங்க.

பலரும் "கையை நீட்டு, கையை நீட்டு"ன்னு கத்துறாங்க. நீட்டின கை விறைச்சுப் போகும், பந்து பட்டுத் தெறிக்கும். முழங்கையை மடக்கி, கைக்குழந்தையை வாங்குற மாதிரி வைக்கச் சொல்லுங்க. இந்த வயசுல நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சாலே சரியான பிடிதான். மாறுகண் இருந்தாலோ, எதையும் மூக்குகிட்ட கொண்டுபோய்ப் பார்த்தாலோ கண் டாக்டரிடம் காட்டிடுங்க.

ஓசூர்: 10 மாசப் பாப்பா. வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். கனடாவில் 2004லயே விற்பனைக்குத் தடை போட்டாங்க. படியில உருளும், அடுப்பு மேடையில இருக்கிற சூடான பாத்திரம் எட்டும். உட்கார்ந்தபடி நுனிக்கால்ல உந்துறதால சமநிலையும் பழகாது. நம்ம மரநடைவண்டி வேற. அதுல உடம்பு பாரத்தைப் பிள்ளையோட காலே தாங்குது. எதையாவது பிடிச்சுத் தானா எழுந்து நிக்க ஆரம்பிச்சதும் கொடுங்க. டைல்ஸ் தரையில வேகமா ஓடினா, சக்கரத்துல துணி சுத்திடுங்க. 18 மாசம் ஆகியும் தனியா நடக்கலைன்னா டாக்டரைப் பாருங்க.

பென்னாகரம்: 3 வயசு மகளுக்கு நிக்கும்போது முட்டி ரெண்டும் இடிக்குது. எங்க ஊர்ல போர் தண்ணிதான்.

3, 4 வயசுல முட்டி தட்டுறது சகஜம், 7 வயசுக்குள்ள பெரும்பாலும் நேராயிடும். முட்டிகளை ஒட்டவச்சு நிறுத்தி, கணுக்கால்களுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. நாலு விரல்கடைக்கு மேல இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வளைஞ்சிருந்தாலோ, வலி, நொண்டல் இருந்தாலோ காத்திருக்காதீங்க.

தண்ணியைப் பத்திக் கேட்டது நல்லது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அது பல்லோட நிக்காது, எலும்பையும் கெடுக்கும். அதுக்காகத்தான் 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. குடிக்க மட்டுமில்ல, சோறு, பருப்பு வேகவைக்கவும் அதையே எடுங்க. போர் தண்ணியைக் காய்ச்சினா ஃபுளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். பாலும் கேழ்வரகும் தினமும் இருக்கட்டும்.

ஊத்தங்கரை: அங்கன்வாடி விட்டு வந்தா போன்தான். எவ்வளவு நேரம் விளையாடணும்?

3, 4 வயசுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது: நாளுக்கு 180 நிமிஷம், அதுல 60 நிமிஷம் மூச்சு வாங்குற ஆட்டம். திரை 1 மணி நேரத்துக்கு மேல கூடாது. ஒரே மூச்சுல வேண்டாம், பத்துப் பத்து நிமிஷமாச் சேர்ந்தாலும் கணக்குதான். சித்திரை வெயில்ல மத்தியானம் யாரும் ஓட முடியாது. காலை 9க்கு முன்னாடி, சாயங்காலம் 5க்கு மேல.

காரிமங்கலம்: நாலரை வயசு. நொண்டி அடிக்கவே வரலை. பாண்டி ஆட அக்காங்க சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க.

அக்காங்க போடுற கட்டம் அவளுக்கு அகலம். ஒரு அடிக் கட்டமா ஆறு போட்டுக் கொடுங்க, சில்லு இப்போ வேண்டாம். முதல்ல ரெண்டு காலால தாவட்டும். ஒரு காலில் 5 விநாடி நிக்க வந்ததும், உங்க ஒரு விரலை மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே மூணு நொண்டி. தரையில "தொம்"னு சத்தம் கேட்டா முட்டி மடங்கலைன்னு அர்த்தம். "பூனை மாதிரி சத்தமில்லாம இறங்கு"ன்னு சொல்லிப் பாருங்க, முட்டி தானா மடங்கும். அப்புறம் விரலை எடுத்துடலாம். இடது காலுக்கும் முறை கொடுக்க மறக்காதீங்க.