அடுத்து எதைப் பார்க்கலாம்? அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) கேள்வி பதில்

கேள்வி: நரூட்டோ, டெத் நோட், ஒன் பஞ்ச் மேன், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், வின்லாண்ட் சாகா எல்லாம் முடித்துவிட்டேன். எந்த 'டாப் 10' பட்டியலைத் திறந்தாலும் இதே பெயர்கள்தான் வருகின்றன. அதிகம் பேர் பேசாத நல்ல தொடர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: பட்டியலை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள். உங்களுக்குப் பிடித்த தொடரைச் செய்தவர் அதற்கு முன்னால் என்ன செய்தார், பின்னால் என்ன செய்தார் என்று தேடினாலே போதும், நீங்கள் சொன்ன ஐந்தில் மூன்று உங்களுக்கு வழி காட்டிவிடும்.

வின்லாண்ட் சாகாவுக்கு முன் மகோட்டோ யுகிமுரா வரைந்தது பிளானட்டெஸ். 1999ல் தொடங்கி 2004ல் முடிந்தது, மொத்தமே 4 தொகுதிகள். கதை நடப்பது 2075ல். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளிக் குப்பையை, அதாவது உடைந்த செயற்கைக்கோள் துண்டு, கழன்று போன திருகாணி போன்றவற்றை, அள்ளுகிற வேலையில் இருப்பவர்களின் கதை. தாழ்வான சுற்றுப்பாதையில் இவை நொடிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அந்த வேகத்தில் ஒரு சின்னத் திருகாணி விண்கலத்தின் ஜன்னலில் மோதினால் என்ன ஆகும் என்பதிலிருந்துதான் கதையே தொடங்குகிறது. அந்த விபத்தில் மனைவியை இழந்த யூரி, சொந்தமாக ஒரு விண்கலம் வாங்கியே தீருவேன் என்று அலையும் ஹச்சிமாகி, சிகரெட் பிடிக்க இடம் கிடைக்காமல் தவிக்கும் ஃபீ என்று எல்லோரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற சாதாரண ஆட்கள். வின்லாண்ட் சாகாவில் நாயகன் தோர்ஃபின் கேட்கிற கேள்விகளை யுகிமுரா இங்கேயே கேட்கத் தொடங்கிவிட்டார் என்பது படித்தால் தெரியும். கோரோ தானிகுச்சி இயக்கிய 26 எபிசோட் அனிமேயும் (2003-04) இருக்கிறது. மங்காவில் தாமதமாக வருகிற முக்கியப் பாத்திரமான தனாபே அனிமேயில் முதல் எபிசோடிலேயே வந்துவிடுவாள், ஆரம்பம் கொஞ்சம் ஆபீஸ் காமெடி மாதிரிதான் போகும், அதற்காக விட்டுவிடாதீர்கள், பின்பாதிக்காகவே பார்க்க வேண்டிய தொடர். ஜப்பானின் அறிவியல் புனைவுக்கான செய்யுன் விருதை மங்கா 2002லும் அனிமே 2005லும் வாங்கின.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டை வரைந்த ஹிரோமு அரகாவா ஹொக்கைடோவில் ஒரு பால் பண்ணையில் வளர்ந்தவர், மங்கா வரைய டோக்கியோ போவதற்கு முன் அந்தப் பண்ணையிலேயே ஏழு வருடம் வேலை செய்தவர். அந்த அனுபவம் முழுவதும் சில்வர் ஸ்பூனில் இருக்கிறது (2011-2019, 15 தொகுதிகள்). படிப்பு அழுத்தம் தாங்காமல், வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் போதும் என்று விவசாயப் பள்ளி ஒன்றில் சேருகிற ஹச்சிகென் என்ற பையன், தான் பெயர் வைத்து வளர்க்கிற பன்றிக்குட்டி ஒருநாள் இறைச்சிக்குப் போகும் என்று தெரிந்துகொண்டே அதை வளர்க்கிறான். இதற்கு அரகாவா சுலபமான பதில் எதுவும் தருவதில்லை, அதனால்தான் எனக்கு இது அவருடைய பிரபலமான தொடரைவிட ஒரு படி மேல்.

மூன்றாவது, ஒன் பஞ்ச் மேன் முதல் சீசனை இயக்கிய ஷிங்கோ நட்சுமே 2021ல் தானே எழுதி இயக்கிய சன்னி பாய், 12 எபிசோட். ஒரு பள்ளிக்கூடமே மாணவர்களோடு சேர்ந்து வேறொரு பரிமாணத்துக்குப் போய்விடுகிறது. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லாது, உங்களுக்கு அது சரிப்படும் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

கேள்வி: முஷிஷி அருமை என்று சொல்லிப் பார்க்க வைத்தார்கள். மூன்று எபிசோட் ஒரே மூச்சில் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. தொடரலாமா?
- ஐடி ஊழியர், கோவை

பதில்: ஒரே மூச்சில் பார்த்ததுதான் காரணம். முஷிஷியில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, அடுத்த எபிசோடுக்கு இழுக்கிற முடிச்சு எதுவும் கிடையாது. ராத்திரிக்கு ஒன்று போதும், வரிசைகூட முக்கியமில்லை. முஷி என்பவை பேயும் இல்லை, மிருகமும் இல்லை, உயிர் என்பதன் ஆரம்ப வடிவம் மாதிரியான ஏதோ ஒன்று. நாயகன் கின்கோ அவற்றை எதிரியாகப் பார்ப்பதே இல்லை, அவை மனிதர்கள் மேல் வந்து ஒட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் பிழைக்க வழி தேடுகிறான். நீங்கள் பார்த்த மூன்றாவது எபிசோடை மட்டும் இன்னொரு தடவை ஹெட்போன் போட்டுப் பாருங்கள். பனி மூடிய கிராமத்தில் காதுக்குள் புகுந்து ஓசையைத் தின்னும் முஷியின் கதை அது, அதில் ஒலியமைப்புதான் பாதிக் கதையைச் சொல்கிறது. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், தப்பே இல்லை.

கேள்வி: தமிழ் டப்பிங்கில் கிடைப்பதாகச் சொல்லுங்களேன். சப்டைட்டில் படித்துக்கொண்டே பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.
- இல்லத்தரசி, சேலம்

பதில்: சோலோ லெவலிங் போன்ற பெரிய தொடர்கள் தமிழில் வந்துவிட்டன. இந்தப் பக்கத்தில் வருகிறவற்றுக்குப் பெரும்பாலும் சப்டைட்டில்தான் துணை. ஆனால் ஒரே ஒரு தொடருக்காக அந்தக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன்: ஷோவா கென்ரோகு ராகுகோ ஷின்ஜூ. ஹருகோ குமோட்டாவின் மங்கா, அனிமே 2016லும் 2017லும் இரண்டு சீசனாக வந்தது. ராகுகோ என்பது மேடையில் மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு விசிறியும் ஒரு சிறு துணியும் மட்டும் வைத்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியே எல்லாப் பாத்திரமாகவும் மாறிக் கதை சொல்கிற கலை. ஒழுங்காகப் பயிற்சி எடுத்தும் தன் குரல் எது என்று தெரியாமல் திணறுகிற ஒருவன், பயிற்சியே வேண்டாத அளவுக்குக் கை வந்த இன்னொருவன், இருவரும் ஒரே நாளில் ஒரே குருவிடம் வந்து சேருகிறார்கள். அந்த நட்பும் பொறாமையும்தான் முதல் சீசனின் பெரும்பகுதி. அகிரா இஷிதா, கோயிச்சி யமதேரா போன்ற குரல் நடிகர்கள் கதைகளை நிஜமாகவே நிகழ்த்திக் காட்டுகிறார்கள், ஒரே கதையை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு வயதில் சொல்லும்போது வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும். டப்பிங்கில் இது தங்காது. முதல் எபிசோட் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளம், நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: பள்ளி யூனிஃபார்ம் போட்ட பெண்களாகவே வருகிறார்கள். வளர்ந்த ஒரு பெண் நாயகியாக இருக்கும் தொடர் உண்டா?
- ஆசிரியை, மதுரை

பதில்: மோரிபிட்டோ. 2007, 26 எபிசோட், இயக்கம் கென்ஜி கமியாமா. பல்சா 30 வயது, ஈட்டி ஏந்திய மெய்க்காவலர். பெற்ற அப்பாவான அரசரே கொல்லச் சொன்ன இளவரசன் சக்முவைக் காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு ஓடுகிறாள். மூன்றாவது எபிசோடில் ஒரு பிரமாதமான சண்டை, அப்புறம் வெகு நேரம் அந்தப் பையனுக்குச் சாதாரண ஜனங்களின் வாழ்க்கையைக் கற்றுக்கொடுப்பதுதான். மூலநாவலை எழுதிய நஹோகோ உயெஹாஷி மானுடவியல் அறிஞர், 2014ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். கதை நடக்கும் கற்பனை நாட்டின் சாப்பாடு, சடங்கு, பழங்கதை எதுவும் அலங்காரத்துக்காக வைத்தது போல் இருக்காது.

கேள்வி: மெதுவாகப் படிக்க ஒரு மங்கா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: ஹிதோஷி அஷினானோவின் யோகோஹாமா கைடாஷி கிகோ. 1994 முதல் 2006 வரை, 14 தொகுதிகள். கடல் மட்டம் உயர்ந்து சாலைகள் முங்கிப்போன ஜப்பானில், ஆல்ஃபா என்ற ரோபோ பெண் ஒரு காபிக் கடை நடத்துகிறாள். பக்கத்து வீட்டுச் சிறுவன் பெரியவனாகிறான், அவளுக்கு மட்டும் வயதாவதில்லை. உலகத்துக்கு என்ன ஆயிற்று என்று கடைசி வரை சொல்லவே இல்லை. ஆங்கிலத்தில் முறையான புத்தகமாக வர 2022 ஆகிவிட்டது, நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சே இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். வந்தது கோடன்ஷா பதிப்பகத்தின் ஆஃப்டர்நூன் மாத இதழில், முஷிஷியும் வின்லாண்ட் சாகாவும் வந்த அதே இதழ். வாராவாரம் 20 பக்கத்தில் பரபரப்பு காட்ட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அதனால் திருச்சி நண்பருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஆளைத் தேடி முடித்ததும் அவர் எந்த இதழில் வரைந்தார் என்றும் பாருங்கள், அதே இதழில் வந்த மற்ற தொடர்களில் உங்களுக்கானது இன்னும் இரண்டு மூன்றாவது இருக்கும்.