டிரெட்மில் ரிப்போர்ட்டில் 'பார்டர்லைன்' என்று வந்தால்...

கேள்வி: எனக்கு வயது 42. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவும் இல்லாத பெண். அலுவலகத்தில் ஆண்டுதோறும் செய்யும் உடல் பரிசோதனையில் டிரெட்மில் டெஸ்ட் 'பார்டர்லைன் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. ஒன்பதரை நிமிடம் ஓடினேன், வலி வரவில்லை. எக்கோவில் 'ட்ரிவியல் எம்ஆர், மைல்டு டிஆர்' என்று போட்டிருக்கிறார்கள். உடனே ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளச் சொல்லிப் பரிசோதனை மையத்திலிருந்து தினமும் போன் வருகிறது. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச்சில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இடது மார்பில் அடிக்கடி சுருக்கென்று குத்துகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒன்பதரை நிமிடம் ஓடியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் ரிப்போர்ட்டில் முக்கியமான வரியே அதுதான். வழக்கமாகச் செய்யும் டிரெட்மில் முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 9 நிமிடத்தைத் தாண்டினால் நான்காவது கட்டத்துக்குள் கால் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியைப் போல ஏறக்குறைய 10 மடங்கு அங்கே செலவாகிறது. வலி இல்லாமல், தலைசுற்றல் இல்லாமல் அந்த அளவைத் தொடுகிறவர்களுக்கு, இசிஜி கோடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், அடுத்த சில ஆண்டுகளில் பெரிய இதயச் சிக்கல் வரும் வாய்ப்பு குறைவு. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பார்டர்லைன்' மட்டும் கண்ணில் படுகிறது, இது படுவதில்லை.

சரி, அந்த 'பார்டர்லைன்' என்ன? ஓடும்போது இசிஜியில் எஸ்டி என்ற பகுதி 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கி, படுக்கையாகவோ சரிந்தோ நின்றால் அதைப் பாசிட்டிவ் என்பார்கள். அந்த அளவை ஒட்டி வந்தாலோ, இறங்கிய கோடு மெதுவாக மேலேறினாலோ 'பார்டர்லைன்' என்று எழுதிவிடுவார்கள். இதய ரத்தக்குழாயில் பாதி அடைப்பு இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தச் சோதனையால் உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ரத்தசோகை, பொட்டாசியம் குறைவு, சில மாத்திரைகள், வேகவேகமாக மூச்சு விடுவது, இவற்றில் எது இருந்தாலும் கோடு இறங்கலாம். பெண்களுக்கு எந்த அடைப்பும் இல்லாமலே இறங்குவது ஆண்களைவிட அதிகம். உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று யாராவது கேட்டார்களா? ஆஞ்சியோவுக்கு, அதாவது இதய ரத்தக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுப்பதற்கு, படுக்கை தயார் செய்வதற்கு முன் பார்க்க வேண்டிய சாதாரண ரத்தப் பரிசோதனை அது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டிரெட்மில் டெஸ்ட் பற்றி 1989ல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, அடைப்பு உள்ள 100 பேரில் சுமார் 68 பேரை இது பிடிக்கும். அடைப்பு இல்லாத 100 பேரில் சுமார் 77 பேரைத்தான் சரியாக விட்டுவிடும், மீதி 23 பேரைத் தேவையில்லாமல் பயமுறுத்தும். உங்களைப் போல் அறிகுறி எதுவும் இல்லாத 1000 பேரை ஓட விடுவோம். அவர்களில் 20 பேருக்கு உண்மையிலேயே அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வருகிறவர்கள் ஏறக்குறைய 240 பேர். அதில் நிஜமானது 14. இதெல்லாம் தெரிந்துதான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, அறிகுறி இல்லாத, ஆபத்தும் குறைவாக உள்ளவர்களுக்கு ஓய்விலோ ஓடவிட்டோ இசிஜி எடுத்து இதய நோயைத் தேட வேண்டாம் என்று 2018ல் மறுபடியும் சொன்னது. அப்படியிருந்தும் பல உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் டிரெட்மில் இருக்கிறது. ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எக்கோவில் வந்த 'ட்ரிவியல் எம்ஆர்' என்பது வால்வில் பொட்டுக் கசிவு. இன்றைய கருவிகள் ஆரோக்கியமான எத்தனையோ பேரிடம் இதைக் காட்டும். 'மைல்டு டிஆர்' என்பது இன்னொரு வால்வில் லேசான கசிவு, அதுவும் அப்படியே. மறந்துவிடுங்கள்.

இப்போது அந்த போன். பேசுவது மருத்துவரா? பெரும்பாலும் இல்லை. 'பேஷன்ட் கோ-ஆர்டினேட்டர்' என்று ஒருவர், கையில் பட்டியலோடும் எட்ட வேண்டிய எண்ணிக்கையோடும் உட்கார்ந்திருப்பார். உங்கள் இசிஜியை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் 'நெஞ்சுக்குள்ள டைம் பாம் மேடம்' என்று சொல்லத் தெரியும். 'இந்த வாரத்துக்குள் செய்தால் சலுகை' என்று ஒருவர் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். உண்மையான அவசரம் என்றால் வாரக் கடைசி வரை சலுகை தரமாட்டார்கள், ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள். பரிசோதனை செய்தவரே அடுத்த பரிசோதனையையும் அதற்கடுத்த சிகிச்சையையும் விற்கிற ஏற்பாட்டில், 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்வதில் யாருக்கும் வருமானம் இல்லை. அனுப்பி வைத்தவருக்குப் பங்கு போகிற இடங்களும் உண்டு. எனக்கு இதில் பொறுமை போய்ப் பல காலம் ஆகிறது.

இன்னொரு பொறி இருக்கிறது. நோயாளி ஆஞ்சியோ மேஜையில் படுத்திருக்கும்போதே வீட்டாரை வெளியே கூப்பிட்டு, '80 சதவீத அடைப்பு, இப்பவே ஸ்டென்ட் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க' என்பார்கள். ஸ்டென்ட் என்பது அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய். பயத்தில் யார்தான் மறுப்பார்கள்? மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் அது சரி, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அப்படி இல்லாமல், ஓரளவு நிலையாக இருக்கிற அடைப்புக்கு அந்த அவசரம் கிடையாது. 5,000க்கும் அதிகமானவர்களை வைத்து நடந்து 2020ல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், முதலிலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களையும் முதலில் மருந்தோடு தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பிலும் மாரடைப்பிலும் மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது, அது நன்மைதான். உங்களுக்கோ ஓடும்போதுகூட வலி வரவில்லை. என்றைக்காவது ஆஞ்சியோ தேவைப்பட்டாலும், 'படம் எடுப்பதற்கு மட்டும் சம்மதம், சிகிச்சையைப் பிறகு பேசி முடிவு செய்வோம்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, அந்தக் குத்தல். ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடத்தில், சில நொடிகள் சுருக்கென்று வந்து போவது, அழுத்தினாலோ திரும்பிப் படுத்தாலோ கூடுவது பெரும்பாலும் இதயவலி இல்லை. தசை, விலா எலும்பு, வாயு என்று காரணம் வேறாக இருக்கும். இதயவலி பொதுவாக நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருக்கும், படி ஏறும்போது வரும், நின்றால் சில நிமிடத்தில் அடங்கும், தாடைக்கோ கைக்கோ பரவும். ஓய்வில் இருக்கும்போதே அப்படி வந்து, வியர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேலே 'வலி இல்லை, பயமில்லை' என்கிற தொனியில் எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போய், அடைப்பு இருந்தும் வலி தெரியாமல் போகலாம். மாரடைப்பே வலியில்லாமல் வந்து போவதுண்டு. உங்களுக்கு அறிகுறி வலியாக வராமல் மூச்சிரைப்பாக வரலாம். போன மாதம் ஏறிய அதே படியில் இந்த மாதம் பாதியில் நிற்கிறீர்களா? காரணம் தெரியாத அசதி, திடீர் வியர்வை, குமட்டல் வருகிறதா? அதை நெஞ்சுவலிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். 'எனக்குத்தான் வலி இல்லையே' என்று பார்டர்லைன் ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். இதே எச்சரிக்கை வயது முதிர்ந்தவர்களுக்கும் ஓரளவு உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் இரண்டு முறை சொல்கிறேன்: வலி இல்லாததை ஆதாரமாக வைக்காதீர்கள்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது கையில் கடிகாரம் கட்டியவர்களுக்கும் பொருந்தும். நாடியைப் பார்க்கிறீர்கள், 96 காட்டுகிறது, பயம் வருகிறது, பயத்தில் 110 ஆகிறது, பயம் உறுதியாகிறது. நடுவில் ஒரு துடிப்பு தவறினாற்போல் தோன்றும். 24 மணி நேரம் பதிவு செய்து பார்த்தால் ஆரோக்கியமான பலருக்கும் அப்படிச் சில துடிப்புகள் இருக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அரை மணி நேரம் நிம்மதி கிடைக்கும், அப்புறம் சந்தேகம் இன்னும் பலமாகத் திரும்பி வரும். ஒவ்வொரு புதுப் பரிசோதனையும் இதே கதைதான், இன்னொரு 'மைல்டு' கிடைக்கும், அதற்கு இன்னொரு இரவு போகும். அதனால் ராத்திரி கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள். இதயத்துக்குப் பிரச்சினை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஒன்றிரண்டு மாதம் பயம் விடவில்லை என்றால், இதற்கென்றே பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சிபிடி என்ற பேச்சு சிகிச்சை உடல்நலப் பயத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. யாரோ கொடுத்த தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: அந்த மையத்தோடு தொடர்பில்லாத, ஆஞ்சியோ செய்வதால் தனக்கு லாபமில்லாத ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், ஓடியபோது எடுத்த இசிஜி தாள்கள் முழுவதும் வேண்டும். அவரிடம், கோடு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, எந்த நிமிடத்தில், ஓட்டம் நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் சரியானது என்று கேளுங்கள். அவருக்கும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் எக்கோ) அல்லது சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்), இரண்டில் ஒன்று செய்யலாம். முடிவு நன்றாக வந்தால் அத்தோடு நிறுத்துங்கள்.

மறுபடி போன் வந்தால், 'முழு இசிஜி பதிவையும் அனுப்புங்கள், என் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன்' என்று சொல்லி வையுங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும்.