எட்டுப் பேர், இரண்டு காது

வணக்கம். ஜாஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தைக் கேட்டேன். எட்டுப் பேர் ஆளுக்கொன்றாக வாசிக்கிறார்கள். கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். ஆலாபனையில் தாளம் இல்லாவிட்டாலும் ராகம் என்று ஒரு பிடி உண்டு. இதில் எதைப் பிடித்துக்கொள்வது? எதை வாசித்தாலும் சரி என்பதுதான் கணக்கா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆலாபனைக்கு இது கிட்டத்தட்ட தலைகீழ். இங்கே தாள ஓட்டம் நிற்பதே இல்லை. கோல்மன் தூக்கிப் போட்டது கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையை. அதுவரை பெரும்பாலான ஜாஸ் கலைஞர்கள் பாட்டின் கார்ட்கள் மாறும் வரிசைக்குள் நின்றுதான் கற்பனை செய்தார்கள். ஆகவே உங்கள் பிடி பேஸும் (கீழ்ச்சுரம் வாசிக்கும் பெரிய தந்திக்கருவி) டிரம்ஸும்தான்.

எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கர் என்றால் எல்லாம் கூழாகத்தான் கேட்டிருக்கும். 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் பதிவானபோது இரண்டு நால்வர் குழுக்களை ஸ்டீரியோவில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். இடது காதில் கோல்மன், டான் செரி, ஸ்காட் லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலது காதில் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். ஹெட்போன் போட்டுக்கொண்டு முதலில் பேஸ் இரண்டை மட்டும் கவனியுங்கள். ஹேடன் பெரும்பாலும் கீழே நின்று தாங்குகிறார், லஃபாரோ மேலே ஏறி விளையாடுகிறார். அது பழகிய பிறகு மற்றவர்களிடம் போகலாம்.

எதை வாசித்தாலும் சரி என்றும் இல்லை. ஊதுகருவிக்காரர்கள் சேர்ந்து வாசிக்க, முன்பே எழுதிவைத்த சிறு பகுதிகள் உண்டு. அடுத்தவர் முறை வருவதை அவைதான் அறிவிக்கின்றன. ஒருவர் முன்னால் நிற்கும்போது மற்றவர்கள் அவர் வீசும் துணுக்கை எடுத்துத் திருப்பிச் சொல்வார்கள், சீண்டுவார்கள். முதலில் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட், அப்புறம் ஹப்பர்ட்டின் டிரம்பெட். பழைய ஜாஸ் கேட்ட காதுக்கு ஹப்பர்ட் சட்டென்று பிடிபடுவார். நீங்கள் நிறுத்தியது கோல்மனின் முறைக்கு நடுவே! எனக்கு இந்த 37 நிமிடத்தில் ஆகச்சிறந்த பகுதி அதுதான். கடைசியில் வரும் டிரம்ஸ் பகுதி கொஞ்சம் இழுவை, ஒப்புக்கொள்கிறேன்.

பிடிக்கவில்லை என்பதில் தப்பே இல்லை. 1962இல் 'டவுன்பீட்' என்ற அமெரிக்க ஜாஸ் பத்திரிகை இந்த ஆல்பத்துக்கு இரண்டு விமர்சனங்களைச் சேர்த்து வெளியிட்டது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார், இன்னொருவர் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

எட்டுப் பேர் அதிகம் என்று தோன்றினால் 1959இல் வந்த 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' கேளுங்கள். கோல்மன், செரி, ஹேடன், ஹிக்கின்ஸ் நால்வர் மட்டும்தான். அதில் முதலில் வரும் 'லோன்லி உமன்' போதும், இவர் மெட்டு போடத் தெரியாதவர் இல்லை என்பது புரிந்துவிடும்.