வலி நின்ற பல்லுக்கு ரூட் கேனால் எதற்கு?
பல் மருத்துவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. சில நாட்கள் தாங்க முடியாத வலி இருந்து, பிறகு தானாக நின்றுவிட்டது. மருத்துவரோ ரூட் கேனால் செய்து கேப் போட வேண்டும் என்கிறார். வலியே இல்லாதபோது இந்தச் செலவு தேவைதானா? பிடுங்கிவிட்டால் ஆகாதா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: வலி தானாக நின்றதை நல்ல அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள், அம்மா. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துவிட்டது என்பதையே அது பெரும்பாலும் காட்டும். சொத்தை எனாமலிலும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டினிலும் நிற்கும்வரை, சுத்தம் செய்து அடைத்துவிட்டாலே போதும். அதையும் தாண்டி, நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பல்கூழைக் கிருமிகள் எட்டிவிட்டால், வீங்குவதற்கு இடமில்லாத கெட்டியான சுவர்களுக்குள் அது சிக்கிக்கொள்வதால்தான் அத்தனை வலி. கூழ் செத்ததும் வலி அடங்கிவிடும். கிருமிகள் மட்டும் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். முகம் வீங்கி மருத்துவமனைக்கு ஓடி வருபவர்களில் பலர், வலி நின்றதென்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களே.

ரூட் கேனாலில், மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேற்புறத்தில் துளையிட்டு, கெட்டுப்போன கூழை அகற்றி, வேர்க் குழாய்களை மெல்லிய கம்பிகளால் தேய்த்துக் கிருமிநாசினியால் கழுவி, பின்னர் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைப்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பொதுவாக 3 அல்லது 4 குழாய்கள் இருப்பதால், சில சமயம் இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும். சொத்தையும் துளையும் சேர்ந்து பலவீனமாக்கிய அந்தப் பல், முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது பிளந்துவிடக்கூடும். அதைத் தாங்கத்தான் பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப். பிளவு வேர்வரை போய்விட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வேர் சிகிச்சையோடு நிறுத்திக்கொண்டு, கேப் போடாமலேயே பல்லை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

பிடுங்குவது இன்றைக்கு மலிவுதான். ஆனால் அந்த இடைவெளியை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் மெல்ல இறங்கி வரும். பின்னர் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைப் பிடிமானமாகக் கொண்ட செயற்கைப் பல், கட்டுவதென்றால் நன்றாக இருக்கும் இரண்டு பற்களைத் தேய்க்க வேண்டும். தாடை எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் என்றால் செலவு இன்னும் கூடும். பணம்தான் தடை என்றால், அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். எக்ஸ்ரேயில் வேர் பிளந்திருப்பது தெரிந்தால் மட்டும், பிடுங்குவதே சரி.

கேள்வி: ஸ்கேலிங் செய்தால் எனாமல் தேய்ந்து பல் ஆடத் தொடங்கும் என்கிறார்களே?
– வாசகர், தேனி

பதில்: ஸ்கேலிங் என்பது பல்லில் படிந்து இறுகிய காரையை நீக்குவது. அதற்கான கருவி தேய்ப்பதில்லை, அதிர்வினால் காரையை உதிர்க்கிறது. பல்லை ஆட்டுவது காரையால் வந்த ஈறு நோய். எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்த இடத்தில் காரை அகன்றதும், மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் கண்ணுக்குத் தெரிகின்றன. சில நாட்கள் கூச்சம் இருக்கலாம், அது குறைந்துவிடும். ஈறில் இரத்தம் வருகிறதென்று பல் துலக்குவதை நிறுத்துவதுதான் உண்மையில் கெடுதல்.

கேள்வி: மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகுமா?
– வாசகி, சிவகங்கை

பதில்: போகாது. மேல்பற்களின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. சர்க்கரை நோய், இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை ஆகியவற்றைப் பல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். பிடுங்கிய பின் பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுவதும் வாய் கொப்பளிக்கவோ உறிஞ்சுகுழாயில் குடிக்கவோ கூடாது, ஏனெனில் குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் வாக்கில் கடும் வலி வரக்கூடும்.