14 இஞ்ச் கேமிங் லேப்டாப்: ஸ்டிக்கரை விடுங்க, வாட்டைக் கேளுங்க

கேள்வி: தினமும் பையில தூக்கிட்டுப் போற மாதிரி சின்னதா, எடை கம்மியா ஒரு கேமிங் லேப்டாப் வேணும். 14 இஞ்ச்ல கேம் ஒழுங்கா ஓடுமா? எதைப் பார்த்து வாங்கணும்?

ஓடும். நல்லாவே ஓடும்.

இதுக்கு ஏற்கெனவே வந்திருக்கிற பதில்கள்ல பாதி "டெஸ்க்டாப் வாங்குங்க"ன்னு சொல்லுது. தூக்கிட்டுப் போகணும்னு கேள்வியிலேயே எழுதியிருக்கீங்க. டெஸ்க்டாப்பை யாரு தூக்குறதுன்னு அவங்கதான் சொல்லணும். அதே காசுக்கு டெஸ்க்டாப் வேகமா இருக்கும், தெரியும். யாரும் அதைக் கேட்கல.

நீங்க அநேகமா படிக்கிறவரா இருப்பீங்க, இல்ல புதுசா வேலைக்குச் சேர்ந்தவரா இருப்பீங்க. ரெண்டு மெஷின் வாங்குற நிலைமை இல்ல, வச்சுக்க இடமும் இல்ல. என் கதையும் கிட்டத்தட்ட அதேதான். எனக்கு ஆடிட் வேலை. மாசத்துல பாதி நாள் வெளியூர்ல ஏதோ ஒரு கிளையண்ட் ஆபீஸ்ல கிடப்பேன். பகல் முழுக்க எக்செல், ராத்திரி ஹோட்டல் ரூம்ல எல்டன் ரிங் கேம். ரெண்டுக்கும் ஒரே லேப்டாப், ஒரே தோள்பை. அதனால நான் சொல்றது வருஷக்கணக்கா இதைச் சுமக்கிற ஆள் சொல்றது. அன்பாக்ஸிங் வீடியோ எடுத்துட்டுத் திருப்பி அனுப்புறவங்க வேற மாதிரி சொல்லுவாங்க, சொல்லட்டும்.

முதல்ல வாட் கணக்கு. பாதிப் பேர் ஏமாறுறது இங்கதான்.

லேப்டாப் மேல "ஆர்டிஎக்ஸ் 4060"ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது என்விடியா கம்பெனியோட ஜிபியு, அதாவது கேம் படத்தை வரையிற சிப். அதோட லேப்டாப் வகைக்கு அவங்க குடுத்திருக்கிற பவர் வரம்பு 35 வாட்ல ஆரம்பிச்சு 115 வாட் வரைக்கும் போகுது. இதுல எவ்வளவு குடுக்கணும்னு முடிவு பண்றது லேப்டாப் செய்யிற கம்பெனி. ஒரே கிளாஸ்ல ஒரே பேர்ல ரெண்டு பசங்க இருந்தா என்ன ஆகுமோ அதே குழப்பம்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எவன் எழுந்து நிப்பான்னு தெரியாது. 45 வாட் 4060-ஐயும் 100 வாட் 4060-ஐயும் பக்கத்துல வச்சு ஓட்டிப் பாருங்க, ஒரே பொருள்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க.

முன்னாடி இதுக்கு ஒரு அடையாளமாவது இருந்தது. 2017-ல மெல்லிசு லேப்டாப்களுக்குன்னு "மேக்ஸ்-க்யூ"ன்னு தனிப் பேர் வச்சாங்க. அந்த வார்த்தையைப் பார்த்ததும் "சரி, வேகம் கொஞ்சம் குறைச்சல்தான்"னு தெரிஞ்சுக்கலாம். 2021-ல லேப்டாப்புக்கு ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ் வந்தப்போ ஜிபியு பேர்லேர்ந்து அந்த வாலையும் வெட்டிட்டாங்க. இப்ப நாமளா தோண்டி எடுக்கணும். டிஜிபின்னு தேடுங்க, ஜிபியுவுக்கு எத்தனை வாட் குடுத்திருக்காங்கங்கிறதுக்கு அதுதான் பேர். தயாரிப்பாளரோட ஸ்பெக் பக்கத்துல அடியில பொடி எழுத்துல இருக்கும்.

இன்னொண்ணு. டெஸ்க்டாப் 4070-ல 12 ஜிபி விடியோ மெமரி. லேப்டாப் 4070-ல வெறும் 8. உள்ள இருக்கிற சிப்பே வேற, பேர் மட்டும்தான் ஒண்ணு. லேப்டாப் 4060-லயும் அதே 8 ஜிபிதான். மெல்லிசு உடம்புல ரெண்டுக்கும் ஒரே மாதிரி வாட்தான் கிடைக்கும்ங்கிறப்போ, 4070-க்குக் கூடுதலா குடுக்கிற காசுக்கு ஏத்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து 50 சீரிஸ் வந்தப்பவும் லேப்டாப் 5070 வரைக்கும் 8 ஜிபியிலேயே நின்னுச்சு, 5070 டிஐ போனாத்தான் 12. நான் இப்படிச் சொன்னா "என் 4070 பறக்குது"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். உங்களுது எத்தனை வாட்னு சொல்லிட்டுப் பேசுங்க சார்.

இப்ப நான் வாங்கின கதை. துணைக்குத் தம்பியைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவன் விளையாடுறதெல்லாம் செல்போன்ல லூடோ, அதுவும் தோத்துக்கிட்டே. கடைக்காரப் பையன் நேரா அவன்கிட்ட போய், "சார் என்ன கேம்ஸ் ஆடுவீங்க?"ன்னான். தம்பி கட்டை விரலை என் பக்கம் காட்டினான். "ஓ, மேடமுக்கா? ஆபீஸ் யூஸா? ரோஸ் கோல்டுல ஒண்ணு இருக்கு மேடம், வெயிட்டே தெரியாது."

நான் கேமிங் ஷெல்ஃப் பக்கம் போய், "இந்த 4060 எத்தனை வாட்?"னு கேட்டேன்.

"180 வாட் மேடம்."

"அது அடாப்டர். ஜிபியு எத்தனை வாட்?"

விலை அட்டையைத் திருப்பிப் பார்த்தான். அதுல இல்ல. டிஸ்ப்ளேக்கு வச்சிருந்த மெஷின்ல நானே என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தேன். அதுல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு கீழே ஒரு லிங்க் இருக்கும். அதுக்குள்ள "மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்"னு ஒரு வரி. அங்க இருக்கு உண்மையான நம்பர். கடையில மெஷின் ஓடிட்டு இருந்தா நீங்களும் இதைப் பார்த்துக்கலாம், ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்து பையிலேர்ந்து தராசை எடுத்தேன். பெட்டியைக் கொக்கியில மாட்டித் தூக்கினா எடை காட்டுமே, விமானத்துக்குப் போறவங்க வச்சிருப்பாங்களே, அதுதான். லேப்டாப், அடாப்டர், அந்தத் தடிச்ச பவர் கேபிள் மூணையும் ஒரு துணிப்பையில போட்டுத் தொங்கவிட்டேன். அட்டையில 1.6 கிலோன்னு போட்டிருந்த மெஷின் 2.4 காட்டுச்சு. பக்கத்துல 1.7 கிலோன்னு போட்டிருந்தது 2.2-லயே நின்னுடுச்சு, அதோட அடாப்டர் பாதி சைஸ். அட்டைப்படி கனமானதுதான் தோளுக்கு லேசு. தம்பி கொஞ்சம் தள்ளிப் போய் ஹெட்போன் பார்க்கிற மாதிரி நின்னுக்கிட்டான். எனக்கு அதுல ஒரு கூச்சமும் இல்ல.

விளம்பரத்துல எடைன்னு போடுறது எல்லாமே அடாப்டர் இல்லாத எடை. 16 இஞ்ச் பெரிய கேமிங் லேப்டாப்னா மெஷினே 2.5 கிலோ, அதோட 330 வாட் அடாப்டர் பல சமயம் ஒரு கிலோவைத் தொடும். அதுக்கு 14 இஞ்ச் எவ்வளவோ தேவலை. அசுஸ் ஸெஃபிரஸ் ஜி14 2024 மாடல் 1.5 கிலோ, ஹெச்பி ஓமன் டிரான்ஸெண்ட் 14 அதைவிடக் கொஞ்சம் கூட, ரேசர் பிளேட் 14 2024 மாடல் சுமார் 1.8. இதெல்லாம் தேடல் எங்க ஆரம்பிக்கலாம்னு காட்டத்தான். நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்ல. என்னோடது எந்த மாடல்னு வேணும்னேதான் சொல்லல. சொன்னா மத்ததை யாரும் படிக்க மாட்டீங்க.

தராசை எடுத்த பிறகும் அந்தப் பையன் வாரண்டி விவரத்தைத் தம்பிகிட்டதான் சொன்னான். காசு என் கார்டு. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனா ஆரம்பிச்சுட்டேன். ஆன்லைன்லயும் இதே கதைதான். மைக்கை ஆன் பண்ணி "லெஃப்ட்ல ரெண்டு பேர்"னு சொன்னா, லெஃப்ட்ல யாருன்னு பார்க்க மாட்டாங்க, "ஹே, பொண்ணா?"ன்னு கேட்பாங்க. அந்த நேரத்துல லெஃப்ட்ல இருந்த ரெண்டு பேரும் எங்களைச் சுட்டு முடிச்சிருப்பாங்க. இப்பல்லாம் தனியா ஆடுற கேம்தான் அதிகம் ஆடுறேன். "அவங்க ஆர்வத்துல கேட்கிறாங்க"ன்னு எனக்கு விளக்கம் குடுக்க வர்றவங்க தயவுசெஞ்சு அடுத்த பதிலுக்குப் போயிடுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரேம். இந்த மெல்லிசு மெஷின் பலதுல ரேம் போர்டோட சேர்த்து சால்டர் பண்ணித்தான் வருது. நான் சொன்ன 2024 ஜி14-ம் அப்படித்தான், அதோட பழைய மாடல்கள்ல ஒரு ஸ்லாட்டாவது இருந்தது. பின்னாடி ஏத்திக்கலாம்னு 16 ஜிபியில வாங்கிட்டு உட்கார முடியாது. முடிஞ்சா 32 வாங்கிடுங்க. எஸ்எஸ்டியை மாத்திக்கலாம், அதுல கஞ்சத்தனம் பண்ணலாம்.

ஸ்கிரீன். 2880க்கு 1800 ஓலெட் கண்ணுக்கு விருந்துதான், ஆனா அதுல இருக்கிற புள்ளிகள் சாதா 1080பி-யைப் போல சரியா இரண்டரை மடங்கு. அத்தனையும் நிரப்ப அந்தச் சின்ன ஜிபியு திணறும். டிஎல்எஸ்எஸ்ஸைப் போட்டுக்குங்க, கம்மிப் புள்ளியில வரைஞ்சு பெருசாக்கிக் காட்டுற என்விடியா வசதி அது. 14 இஞ்ச்ல வித்தியாசம் தெரியிற அளவுக்கு எனக்குக் கண் கூர்மை இல்ல. எல்டன் ரிங் எப்படியும் விநாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல போகாது, கேம்லயே பூட்டி வச்சிருக்காங்க. அதுக்காக விநாடிக்கு 240 தடவை படம் மாத்துற 240 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன் தேடி அலைய வேண்டாம். வேலரண்ட் மாதிரி ஆன்லைன்ல சுடுற கேம் ஆடுறவங்களுக்கு வேற கணக்கு.

பேட்டரியில கேம் ஆடுற நினைப்பு இருந்தா இப்பவே விட்டுடுங்க. விமானத்துல சாதாரணமா அனுமதிக்கிறது 100 வாட்-ஹவர் வரைக்கும், அதனால எவ்வளவு பெரிய லேப்டாப்பா இருந்தாலும் அதைத் தாண்டாது. 14 இஞ்ச்ல 70 சொச்சம் இருக்கும். கேம் ஓடும்போது மொத்தமா 100 வாட் இழுத்தா முக்கால் மணி நேரத்துல காலி. பிளக்கை உருவினதும் ஜிபியு தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், அது வேற. "கையில பிடிச்சு ஆடுற ஸ்டீம் டெக் வாங்கலாமே, ஓலெட் மாடல் 640 கிராம்தானே"ன்னு கேட்கிறவங்களுக்கு: நல்ல பொருள், ஆனா கீபோர்டு இல்லாம எனக்குப் பிழைப்பு ஓடாது.

டைப்-சி வழியா சார்ஜ் ஏறுமான்னு மட்டும் மறக்காம பாருங்க. 100 வாட் வரைக்கும் வாங்கிக்கிற மெஷினா இருந்தா, பெரிய அடாப்டரை ரூம்லயே விட்டுட்டு ஒரு 65 வாட் குட்டி சார்ஜரோட ஆபீஸோ காலேஜோ போயிட்டு வரலாம். கேமுக்கு அது பத்தாது, எக்செலுக்கு ஏகப்பட்டது. என் தோள்வலி குறைஞ்சதுக்கு இதுதான் காரணம், தைலம் இல்ல.

கடைசியா சூடு. சின்ன உடம்புல சூடு இருக்கத்தான் செய்யும், இல்லைன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. கீபோர்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல இருக்கிற பட்டையில விரல் வைக்க முடியாது. டபிள்யூ கீ வெதுவெதுன்னு இருக்கும். ஃபேன் சத்தத்துக்கு ஹெட்போன் வேணும். ஆனா இதைப் பாதியாவது அடக்க முடியும். விண்டோஸ்ல ப்ராசஸர் பூஸ்டை, அதாவது ப்ராசஸர் தானா வேகத்தை ஏத்திக்கிறதை, ஆஃப் பண்ணிடுங்க. பவர் செட்டிங்ஸ்ல அது மறைஞ்சு கிடக்கும், வெளியே கொண்டு வர வழி தேடினா கிடைக்கும். அசுஸ் வச்சிருந்தா ஜி-ஹெல்பர்னு ஒரு இலவச டூல்ல ஒரே கிளிக். என் மெஷின்ல பத்துப் பதினஞ்சு டிகிரி இறங்குச்சு, நான் ஆடுற கேம்கள்ல வேகம் குறைஞ்சதாவே தெரியல. அப்புறம் ஃப்ரேமை 60-லயோ 90-லயோ கட்டி வைங்க. பின்பக்கம் அடியில ரெண்டு பாட்டில் மூடியை முட்டுக் குடுங்க, காத்து உள்ள போகும். இதுக்குன்னு விக்கிற கூலிங் பேடைத் தூக்கிட்டுத் திரிஞ்சா லேசான லேப்டாப் வாங்கினதுக்கே அர்த்தம் இல்ல. படுக்கை மேல வச்சு மட்டும் ஆடாதீங்க, காத்து இழுக்கிற ஓட்டை அடியிலதான் இருக்கு.

நீங்க என்ன கேம் ஆடுவீங்கன்னு கேள்வியில எழுதல. அது தெரியாம மாடல் பேர் சொல்றது வீண். கமெண்ட்ல சொல்லுங்க, ஆனா "எல்லாமே"ன்னு சொல்லாதீங்க. நிஜமா இந்த மாசம் எதைத் திறந்தீங்களோ அந்த ஒண்ணு ரெண்டு பேர் போதும்.