கிறிஸ்துமஸ் சமயத்தில் வழிகாட்டியோடு ஒரு நகரத்தை நடந்து சுற்றிப் பார்ப்பது பணத்துக்குத் தகுமா? வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

தகும், தாராளமாகப் போங்கள். ஆனால் விளக்கு அலங்காரத்தைக் காட்டுவதற்காக வழிகாட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். விளக்குகளை யாருடைய துணையும் இல்லாமல் பார்த்துவிட்டு வரலாம். அந்த விளக்கு எரியும் வீடு யாருடையது, அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் அதற்கு முன் யாருக்குப் பயந்து எங்கே ஒளிந்து பூசை கண்டார்கள் என்று சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

எந்த நகரம் என்று நீங்கள் எழுதவில்லை. வயதானவர்களையும் என்று கேட்டிருப்பதால், கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவர், டிசம்பர் விடுமுறைக்கு ஊரில் இருக்கும் அம்மா அப்பாவை எங்காவது கூட்டிப் போக ஆசைப்படுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இருப்பது மலேசியாவில், நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் பாமாயில் தரும் செம்பனை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் பார்க்கப் போவதென்றால் மலாக்காவுக்குத்தான் போவார்கள்.

என் அம்மா இளமை முழுவதும் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்கூட விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் அணிவகுப்புக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்குப் போட்டுவிட்டு வந்துதான் பலகாரத்துக்கு மாவு பிசைவார். பண்டிகைக் காலத்தில் வெளியூர் போய்ச் சுற்றிப் பார்ப்பது என்பது அவர் அறியாத ஒன்று. அதனால்தான் ஒரு விடுமுறையில் அம்மாவையும் அத்தையையும் அண்ணன் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு கோலப்பிலா, தம்பின் வழியாக மலாக்காவுக்குப் போனோம். நடைச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தேன். அந்தப் பணத்துக்கு ஒரு வாரச் சாமான் வாங்கலாம் என்று அத்தை சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்தே ஓய்ந்து போனவர்களுக்கு ஒரு மாலையாவது கணக்குப் பார்க்காமல் கிடைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வழிகாட்டி மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீன இளைஞர். சுற்றுலா அமைச்சின் உரிம அட்டை கழுத்தில் தொங்கியது. குழுவில் எங்களைத் தவிர சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றும் ஆஸ்திரேலியத் தம்பதியும் இருந்தார்கள். சிவப்புச் சதுக்கத்தில் தொடங்கினார். அங்குள்ள கிறிஸ்து ஆலயம், டச்சுக்காரர்கள் 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்ததன் நூற்றாண்டு நினைவாக 1741இல் தொடங்கி 1753இல் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒவ்வொன்றும் சுமார் 48 அடி நீளம், ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் எடுத்தவை. அம்மா ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் கண்ணை நகர்த்தி ஒட்டு எங்காவது இருக்கிறதா என்று தேடினார். மரத்தோடு வாழ்ந்தவர் அப்படித்தான் பார்ப்பார். வழிகாட்டியும் அவர் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்தார். அப்போதே அந்தப் பையன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

டச்சுக்காரர்கள் புரொட்டஸ்டண்டுகள். அவர்கள் ஆட்சியில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபட முடியவில்லை; வீடுகளிலும் காட்டிலும் மறைவாகக் கூடினார்கள். கெடுபிடி தளர்ந்த பிறகு 1710இல் கட்டியதுதான் புனித பேதுரு ஆலயம். மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயில்களில் அதுவே மிகப் பழையது. இதை வழிகாட்டி சொன்னபோது அண்ணன் மகன், கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களைத் தடுத்தார்களா என்று வாய்பிளந்து கேட்டான். ஞாயிறு மறைக்கல்வியில் அவனுக்கு யாரும் சொல்லாத பாடம் அது.

பிறகு புனித பவுல் குன்று. படிகள் அதிகம், வயதானவர்களுக்குச் சிரமம்தான். மேலே கூரையில்லாத பழைய கோயில், 1521இல் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயத்திலிருந்து வளர்ந்தது. சுவரோரம் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. நடுவில் தரையில் ஒரு குழி, மேலே இரும்புக் கம்பி வலை. ஆசியாவில் மறை பரப்ப வந்து, சீனக் கரையோரத் தீவில் 1552இல் இறந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல், கோவாவுக்குப் போகுமுன் 1553இல் பல மாதங்கள் இந்தக் குழியில்தான் இருந்தது. கம்பி வழியாகக் குனிந்து பார்த்தால் ஈர இலைகளும், யார் யாரோ போட்ட சில்லறைக் காசுகளும் கிடந்தன.

அம்மா மூட்டு வலியைப் பொருட்படுத்தாமல் அந்த இடத்தில் மண்டியிட்டுப் பரமண்டல மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். இப்போது பூசையில் சொல்லும் வடிவத்தை அவர் சொல்லவில்லை. பாட்டி சொல்லிக்கொடுத்த பழைய தமிழில் சொன்னார். அத்தையும் சேர்ந்துகொண்டார். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். ஆஸ்திரேலியப் பெண்மணி என்னிடம் மெதுவாக, இது என்ன மொழி என்று கேட்டார்.

அதுவரை சவேரியாரைக் கோவாவிலிருந்து வந்தவர் என்றுதான் வழிகாட்டி சொல்லியிருந்தார். அதுவும் உண்மைதான். ஆனால் கோவாவுக்கும் மலாக்காவுக்கும் நடுவில் ஒரு தமிழ்க் கடற்கரை இருக்கிறது. 1545இல் முதன்முறையாக மலாக்காவில் கால் வைப்பதற்கு முன், 1542 முதல் அவர் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் நடந்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். இரு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். இதை நான் அந்தப் பெண்மணிக்குச் சொன்னேன். வழிகாட்டி அருகில் வந்து, ஆன்ட்டி இன்னொரு தடவை சொல்வார்களா என்று மலாயில் கேட்டார். அம்மாவும் தோட்டத்து மலாயில், எதற்குத் தம்பி என்று கேட்டுவிட்டு, மறுபடியும் முழுதாகச் சொன்னார். வழிகாட்டி அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். அடுத்த குழுவுக்கும் இதைச் சொல்வேன் என்றார்.

இதற்குத்தான் பணம் கொடுத்தது தகும் என்கிறேன். இதையெல்லாம் கைப்பேசியில் படித்துக்கொண்டே நடக்கலாமே என்று யாராவது நிச்சயம் எழுதுவீர்கள். படிக்கலாம். அம்மா சொல்வதைக் கேட்பதற்காகக் கைப்பேசி நிற்காது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியர்களைப் பற்றி அந்தச் சுற்றுலாவில் வந்தது ஒரே வாக்கியம்: பிரிட்டிஷார் காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்கள். அந்த வாக்கியம் என்னைச் சுட்டது. தோட்டத்துக்கு வந்தது எங்களுக்கு அவமானம் என்பதால் சொல்லவில்லை. அந்தத் தோட்டம்தான் என் வீடு. ஆனால் 1511இல் போர்த்துகீசியர் வந்தபோதே மலாக்கா துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். நைனா சத்து என்ற தமிழ் வணிகரை போர்த்துகீசியர் முதலமைச்சருக்கு நிகரான பெண்டஹாரா பதவியிலேயே அமர்த்தினார்கள். பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் 1781இல் கட்டியது. சிவப்புச் சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சற்று நடந்தால் கோயில் வந்துவிடும். கிறிஸ்துமஸ் சுற்றுலாவில் பிள்ளையார் கோயில் எதற்கு என்று கேட்பீர்கள். உள்ளே போக வேண்டாம். ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தொடங்கினால் எல்லோரையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையன்மேல் பழி இல்லை. அவர் கையில் கொடுத்த குறிப்பில் அதுதான் இருந்திருக்கும்.

இரவு உஜோங் பாசிரில், போர்த்துகீசிய வம்சாவளியினர் வாழும் போர்த்துகீசியக் குடியிருப்பு. 1930களில் இரண்டு பாதிரிமார்களின் முயற்சியில் உருவான இடம். டிசம்பரில் வீட்டுக்கு வீடு விளக்கு, வாசலில் குடில். ஒரு வீட்டுக் குடிலின் மலையைப் பழைய மீன்வலையைச் சுருட்டி, மேலே பச்சை வண்ணம் தெளித்துச் செய்திருந்தார்கள். இடையர் ஒருவரின் முறிந்த கை பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது; பசை வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. தோட்டத்தில் நாங்கள் சிமெண்டுப் பையின் தாளைக் கசக்கி மலை செய்து, லாலான் புல்லால் கூரை வேய்ந்து, ரப்பர் விதைகளைப் பாறையாக அடுக்குவோம். அதைச் சொன்னதும் அந்த வீட்டுப் பாட்டி அம்மாவுக்கு நாற்காலி போட்டு, சுகி கேக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வைக்கும் டெபல் கறியில் கடுகும் காடியும் புவா கெராஸ் என்ற கொட்டையும் எந்தப் பக்குவத்தில் சேர்ப்பது என்று இருவரும் பேசத் தொடங்கி, குழு அடுத்த தெருவுக்குப் போன பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும் இதை எழுதாமல் விட முடியவில்லை. மலாக்காவின் ஒவ்வொரு கல்லுக்கும் கதை சொல்ல ஆள் இருக்கிறது. எங்கள் பகாவிலும் அப்படி ஒரு கதை இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில், 1943 டிசம்பர் கடைசியில், சிங்கப்பூரிலிருந்து யுரேசிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு), சீனக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்து இங்கே காட்டை அழித்துக் குடியேறின. ஜப்பானியர் அதை ஃபூஜி-கோ என்று அழைத்தார்கள். ஆசிரியரும் குமாஸ்தாவுமாக இருந்தவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். மலேரியாவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களோடு வந்து தங்கியவர் ஆயர் அட்ரியன் டெவால்ஸ். அன்றைக்கு மலாக்கா மறைமாவட்டத்துக்கே அவர்தான் ஆயர். மண்வெட்டியால் காலில் ஏற்பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்துபோனார். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி, ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பகாவ் ரயில் நிலையத்திலிருந்து நடத்திக் கூட்டிப் போகும் வழிகாட்டி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு சின்ன மாதா கோயிலும் அதன் பின்னால் கல்லறைத் தோட்டமும் இருந்தன. தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு வாசலில் இரும்புக் கதவு வந்துவிட்டது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு என் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்த நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். போன முறை பதில் வரவே இல்லை. காவலாளி நேபாளத்திலிருந்து வந்த இளைஞர், அவரிடம் கோபப்பட்டு என்ன பயன்? நான்கு பேரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றோம். நானூறு ஆண்டுக்கும் மேல் பழைய காலிக் குழியை உலகமே டிக்கெட் இல்லாமல் போய்ப் பார்க்கிறது. என் அப்பாவைப் பார்க்க எனக்குக் கடிதம் வேண்டியிருக்கிறது. இதை மதப் பிரச்சினையாக யாரும் திருப்ப வேண்டாம். அதே தோட்டத்து மாரியம்மன் கோயில்காரர்களுக்கும் இதே கதிதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்கும் சுற்றுலாவாகப் பாருங்கள். டிசம்பரில் பிற்பகல் மழை சகஜம், குடை வேண்டும், வழுக்காத செருப்பு வேண்டும். உரிம அட்டை உள்ள வழிகாட்டிதானா என்று கேளுங்கள். மலேசியாவில் அது சட்டப்படி கட்டாயம். படிகள் எத்தனை இடத்தில், உட்கார எங்கே இடம், கழிப்பறை எங்கே என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கோயிலுக்குள் போவார்களா, வெளியே நின்றே கதை சொல்லி முடித்துவிடுவார்களா என்பதையும் கேளுங்கள். 24ஆம் தேதி மாலையைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குக் கோயில்கள் வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு உரியவை, உஜோங் பாசிரில் கார் நிறுத்த இடம் தேடியே இரவு போய்விடும். குழு பத்துப் பேருக்கு மேல் என்றால் நான் பணம் கட்ட மாட்டேன், ஏனென்றால் அப்போது வழிகாட்டியால் யாருக்காகவும் நிற்க முடியாது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தெரிந்த செபம், பாட்டு, ஊர்க்கதை எதுவாக இருந்தாலும், அதைச் சொல்ல நேரம் கொடுப்பீர்களா என்று முன்பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். மலாக்காவில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை.