ரிசப்ஷன்ல தாத்தா பாட்டி கல்யாண போட்டோ வைக்கலாமா?

கேள்வி: அடுத்த மாசம் எனக்கு ரிசப்ஷன், மதுரையில. அப்பா அம்மா, தாத்தா பாட்டி கல்யாண போட்டோவெல்லாம் மண்டபத்துல வைக்கணும்னு ஆசைக்கா. தாத்தாவோடது 1964ல எடுத்த பிளாக் அண்ட் ஒயிட், பிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. தாத்தா இப்ப இல்ல, பாட்டி இருக்காங்க. நல்ல காரியத்துல இறந்தவங்க போட்டோ எதுக்குன்னு அத்தை முகம் சுளிக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுல அவங்க தாத்தா பாட்டிக்கு கல்யாண போட்டோவே கிடையாதாம். என்ன பண்றது? - ஒரு வாசகி

பதில்: தாராளமா வைங்கம்மா. எத்தனையோ வீட்டுல கல்யாணத்துக்கு முன்னாடி போய்ச்சேர்ந்தவங்களுக்கு படையல் போட்டு கும்பிட்டுட்டுத்தானே வேலையவே ஆரம்பிக்கிறோம், அப்புறம் போட்டோ மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா ஒண்ணு, டெக்கரேஷன்காரர் ஆர்வக்கோளாறுல அதுக்கு மாலை போட்டு சந்தனப் பொட்டு வச்சுட்டார்னா அத்தை சொன்னது சரியாயிடும், வர்றவங்க செருப்ப கழட்டவான்னு யோசிப்பாங்க. தாத்தா போட்டோக்குள்ளயே கல்யாண மாலையோடதான் நிக்கிறார், அது போதும். பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, அவங்க சரின்னா அத்தை என்ன, ஊரே வாயத் திறக்காது.

கண்ணாடியில ஒட்டினத தயவுசெஞ்சு பிச்சு எடுக்காதீங்க. அந்தக்கால பிரிண்ட் மேல ஜெலட்டின் பூச்சு இருக்கும், ஈரம் பட்டா பசை மாதிரி கண்ணாடிய புடிச்சுக்கும், இழுத்தா முகம் கண்ணாடியில, பேப்பர் உங்க கையில. கண்ணாடியோடவே நிழலான வெளிச்சத்துல பிளாஷ் இல்லாம, ஸ்டுடியோக்காரர விட்டு நேரா ஒரு காப்பி எடுக்கச் சொல்லுங்க, கேமராவுக்குப் பின்னாடி கறுப்புத் துணி புடிச்சா கண்ணாடியில வேற எதுவும் பிரதிபலிக்காது. அப்பா அம்மா போட்டோ லூசா இருந்தா ஸ்கேன்தான், 600 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி. 4க்கு 6 இன்ச் பிரிண்ட்ட அப்படி எடுத்தா 8க்கு 12 சைஸ்ல கூட தெளிவா வரும். பளபளப்பில்லாத மேட் பிரிண்டா போடுங்க, பளபளக்கிற கிளாஸின்னா மண்டப லைட்டுக்கு வெறும் வெள்ளையாத்தான் தெரியும். ஒரிஜினல் எதுவும் வீட்டு பீரோவ விட்டு வெளிய வரக்கூடாது. கலர் போட்டுத் தர்றேன்னு ஸ்டுடியோவுல சொல்வாங்க, வேணாம், கம்ப்யூட்டர் இஷ்டத்துக்கு ஒரு கலர அடிச்சு விடும், பாட்டி நேர்ல வந்து "இது என் கூரைப்புடவையே இல்லடி"ம்பாங்க.

மாப்பிள்ளை வீட்டு விஷயத்துலதான் கவனமா இருக்கணும், உங்க பக்கம் நாலு போட்டோவும் அவங்க பக்கம் ஒண்ணுமே இல்லாமயும் இருந்தா மறுநாளே பேச்சு கிளம்பிடும். அவங்க தாத்தா பாட்டிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்திருந்தா அந்த போட்டோ கேளுங்க, அதுவும் மாலை மாத்தி தாலி கட்டினதுதானே. அதுவும் இல்லன்னா பழைய கல்யாணப் பத்திரிகை டிரங்குப் பெட்டியில எங்கயாவது கிடக்கும், ஓரத்துல மஞ்சள் தடவினது, அதை ஸ்கேன் பண்ணி பிரேம் போட்டா போட்டோவ விட அதைத்தான் ஜனம் நின்னு படிக்கும். ரெண்டு பக்கமும் எண்ணிக்கை சமமா இருக்கட்டும்.

மேடையில வேணாம், அங்க கிப்ட் கவரோட க்யூவே நகராது. வாசல்ல பன்னீர் தெளிக்கிற டேபிள் பக்கத்துல ஸ்டாண்ட் போட்டு, கீழ பேரு, ஊரு, வருஷம் மட்டும் தமிழ்ல பெருசா எழுதுங்க. ராத்திரி இறக்கி எடுத்துட்டுப் போக சித்தப்பா பையன் யார்கிட்டயாவது இப்பவே சொல்லி வைங்க, பெரியவங்க எல்லாம் அந்த நேரம் மொய் நோட்டோட உக்காந்திருப்பாங்க.